உனக்கு மட்டும் ஒரு தீவு

பலெர்மோ,
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். நீ எனக்கு வேறு வழி வைக்கவில்லை. போன ஆகஸ்டில் என்னை வாட்ஸ்அப்பில் தடைசெய்தாய். முதல் ஒரு கிழமை உன் போன்தான் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அத்தானுக்கு எடுத்துக் கேட்டேன். "போன் நல்லாத்தான் வேலை செய்யுது, பிள்ளை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கண்டியில் பெய்கிற மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கடைசியாக உனக்கு அனுப்பிய படம் எது என்று தேடிப் பார்த்தேன். உஸ்திகாத் தீவில், கறுத்தப் பாறையில் இருந்து கால்களைக் கடலுக்குள் விட்டுக்கொண்டு, கையில் ஒரு கிண்ணத்தோடு நான் சிரிக்கிற படம். எலுமிச்சம்பழச் சாற்றை உறையவைத்துச் சுரண்டி, அந்த ஐஸைப் பணிஸோடு தின்பதுதான் இங்கே கோடையில் காலைச் சாப்பாடு என்று கீழே எழுதியிருந்தேன். அதில் என்ன பிழை என்று எட்டு மாதமாக யோசிக்கிறேன்.

சண்டைக்கு எழுதவில்லை. நிவேதிகாவின் ஏ.எல். பரீட்சை முடிவு நன்றாக வந்திருக்கிறதாம், அத்தான் சொன்னார். பல்கலைக்கழகம் கூப்பிட இன்னும் எத்தனை மாதமோ. அதுவரை வீட்டில் முடங்கிக் கிடக்காமல் இந்தக் கோடைக்குப் பிள்ளையை என்னிடம் அனுப்பு. ஜூன் பிறந்தால் சிஞ்ஞோரா லூச்சியாவோடு நானும் தீவுக்குப் போய்விடுவேன் என்று உனக்குத் தெரியும். அவவுக்கு இப்போது எண்பத்திமூன்று வயது. பதின்மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உஸ்திகாவில் அவவுக்கு ஒரு பழைய வீடு. சயந்தனும் கோடை முழுக்க அங்கே துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் சமைக்க வந்துவிடுவார். அழைப்புக் கடிதம் தர சிஞ்ஞோரா சம்மதித்துவிட்டா.

எனக்கும் சயந்தனுக்கும்தான் பிள்ளை இல்லை. வீட்டில் ஒரு பிள்ளையின் சத்தம் கேட்க ஆசையாக இருக்கிறது.

இதற்காவது பதில் எழுது.

உன் தங்கை,
மதனி

•

கண்டி,
19 மே 2025

மதனிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. தபால்காரர் முத்திரையைப் பார்த்துவிட்டு "இத்தாலியா, இத்தாலியா" என்று இரண்டு தரம் கேட்டார். இப்போது ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

நீ கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். அரசாங்கக் கச்சேரியில் இருபத்திரண்டு வருடம் கோப்புப் பார்த்தவள், எனக்கு அப்படித்தான் வரும்.

அந்தப் படத்தில் பிழையில்லை. அன்றைக்கு வேலை முடிந்து, மழையில் நனைந்து, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். யாரோ ஒருவரின் குடை என் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. மடவளையிலிருந்து வேலைக்கு வருகிற றமீலா பக்கத்தில் நின்றவ. போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் நீலத் தண்ணீருக்குள் உன் இரண்டு கால். றமீலா எட்டிப் பார்த்து, "ஒங்கட தங்கச்சியா? மாஷா அல்லாஹ், என்ன சந்தோசமா இரிக்கிறா" என்றா. பஸ் அடுத்த தரிப்புக்குப் போவதற்குள் உன்னைத் தடைசெய்துவிட்டேன்.

பொறாமை என்ற சொல்லை எழுதாமல் தவிர்த்திருக்கிறாய். நான் எழுதுகிறேன். பொறாமைதான். பதின்மூன்று கோடை, நாளுக்கு ஒரு படம். அத்திப்பழம், படகு, சயந்தன் வாங்கி வந்த கணவாய், பின்னேர வெயில் விழுகிற மதில். பதிலுக்கு நான் எதை அனுப்புவது? பேராதனை வீதியில் நிற்கிற வாகனங்களையா?

கடலைப் பற்றி நீ எனக்குப் படம் காட்டுகிறாய். பாசையூர்க் கடலில் அப்பா எனக்கு நீந்தப் பழக்கியபோது நீ பிறக்கவே இல்லை. இடம்பெயர்ந்து இங்கே வரும்போது உனக்கு ஏழு வயது, தண்ணீரைக் கண்டாலே அழுவாய். நான் இருபத்தொன்பது வருடமாக இந்த மலைகளுக்கு நடுவில் இருக்கிறேன். இத்தாலிக்கு வரச் சொல்லி, அங்கே இருந்த பெரிய மாமி முதலில் கேட்டது என்னைத்தான். நீ கலியாணம் ஆகாமல் இருக்கிறாய், உனக்கு ஒரு வழி வேண்டும் என்று விட்டுக்கொடுத்தது நான். அதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

நிவேயைக் கேட்டிருக்கிறாய். நான் யோசிப்பதற்கு முன்பே அவளும் தகப்பனும் படிவத்தை நிரப்பிவிட்டார்கள். கையெழுத்துக்கு மட்டும் என்னிடம் வந்தது. வைத்துவிட்டேன். செப்டெம்பர் இரண்டாம் திகதி அவள் திரும்பி வர வேண்டும். ஒரு நாள் கூடக்கூடாது.

திரேசா

•

உஸ்திகா,
12 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நிவே வந்து சேர்ந்து பன்னிரண்டு நாள். உன்னோடு நாளாந்தம் கதைக்கிறாள், ஆனாலும் அவள் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

பலெர்மோவிலிருந்து விரைவுப் படகில் ஒன்றரை மணித்தியாலம். வழி முழுக்க வாந்தி. இறங்கினவுடன் கல்லில் இருந்து, "சித்தி, நான் திரும்பிப் போகேக்குள்ள பிளேன்தான்" என்றாள். இந்தத் தீவில் விமானம் இறங்க இடமே இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த நாள் காலை அவளே என்னை எழுப்பினாள், கடலுக்குப் போவோம் என்று.

இங்கே மணல் கிடையாது. எல்லாம் எரிமலைக் கல். வெளிச்சவீட்டுக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் குளம் போல ஒரு இடம், இரும்பு ஏணியைப் பிடித்து இறங்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு தெளிவென்றால், உன் கால் விரலைச் சின்ன மீன் மோப்பம் பிடிப்பது தெரியும். மத்தியானம் ஊர் முழுக்க யன்னலை மூடிவிட்டுப் படுத்துவிடும். அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒரு சத்தம் இருக்காது. பின்னேரம் எல்லோரும் குளித்து, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு முன்னால் உள்ள சதுக்கத்துக்கு வருவார்கள். சும்மா வருவார்கள், அக்கா. நடந்து, நின்று, கதைத்து, திரும்பி நடப்பார்கள். இந்தத் தீவில் விளைகிற பருப்பு கபில நிறம், மிளகளவுதான். சயந்தன் அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிக் கொடுத்தார். சிஞ்ஞோரா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டா.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊருக்கு எழுதினால் கஷ்டத்தைத்தான் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. குளிர், தனிமை, இடுப்பு நோ. எனக்கும் அவை உண்டு. மற்ற மாதங்களில் பலெர்மோவில் நாலாம் மாடியில் சிஞ்ஞோராவின் மருந்து நேரங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் என் சீவியம். ஆனால் இந்தத் தீவில் நான் சந்தோசமாக இருக்கிறேன். கஷ்டம் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நிவே கறுத்துவிட்டாள் என்று கோபிக்காதே. வடிவான கறுப்பு.

மதனி

•

கண்டி,
31 ஜூலை 2025

மதனிக்கு,

பெரஹரா தொடங்கிவிட்டது. வீதிகளை மூடுகிறார்கள் என்று கச்சேரியிலிருந்து நேரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நேற்று நிவே பத்து நிமிடம் கதைத்தாள். "சித்தி" என்ற சொல்லை எத்தனை தரம் சொன்னாள் என்று எண்ணினேன். இருபத்திமூன்று. அம்மா என்று இரண்டு தரம், போனை எடுத்தபோதும் வைத்தபோதும். சித்தி தலைமயிரை இப்படிக் கட்டிவிட்டவ. சித்தி மீனுக்கு இப்படித்தான் உப்புப் போடுறவ. சித்தியோட சதுக்கத்துக்குப் போனால் எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறவை.

பிறகு சொன்னாள், "அம்மா, நான் நீந்துறன். சித்தி கையைப் பிடிச்சுப் பழக்கினவ."

"உனக்கு நீந்தத் தெரியாதெண்டு எனக்குத் தெரியாமல் போச்சே" என்றேன். வேறு என்ன சொல்வது? பதினெட்டு வருடம் அவள் என்னோடு இருந்தாள். நான் நீந்தத் தெரிந்தவள். ஒரு விடுமுறைக்குத் திருகோணமலைக்குக் கூட்டிப் போகலாம் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன். வீடு கட்டினோம், பிறகு டியூஷன், பிறகு பெற்றோல் இல்லை, பிறகு பரீட்சை. அப்பா எனக்குச் செய்ததை நான் என் பிள்ளைக்குச் செய்யவில்லை. நீ செய்துவிட்டாய். தண்ணீரைக் கண்டு அழுத நீ.

அதோடு நின்றதா? இல்லை. "பலெர்மோவில படிக்கலாமாம் அம்மா, சித்தி விசாரிக்கிறவ" என்றாள். போனை உன் அத்தானிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். அவர் வந்து, "சின்னப்பிள்ளை, ஏதோ ஆசையில சொல்லுறாள்" என்றார். "அவள் சின்னப்பிள்ளை, சரி. மதனி சின்னப்பிள்ளையே?" என்று கேட்டேன். அதற்குப் பதில் நீ எழுது.

எனக்கு வந்த இத்தாலியை எடுத்தாய். கடலை எடுத்தாய். இவ்வளவும் கிடைத்தவளுக்கு என்னிடம் இருக்கிற ஒன்றும் வேண்டுமாக்கும்.

திரேசா

•

உஸ்திகா,
20 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்தைச் சயந்தன் கையில் கொடுக்காமல் நானே வாசித்து, நானே மடித்து வைத்தேன். அவர் வாசித்திருந்தால் இந்தப் பதிலை எழுத விட்டிருக்கமாட்டார்.

"எனக்கு வந்த இத்தாலி, எனக்கு வந்த இத்தாலி" என்கிறாய். என் கலியாணத்துக்குக் கூட்டிய சனத்துக்கும் சொன்னாய், அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கும் சொன்னாய். பதின்மூன்று வருடம் நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். இனி மாட்டேன். நீ விட்டுக்கொடுக்கவில்லை, அக்கா. நீ பத்திரங்களைக் கொடுக்கக் கொழும்புக்குப் போன நாள், "தூதரகம் பூட்டு" என்று சொல்லிக்கொண்டு வந்தாய். அடுத்த மாதம் என் பிறப்புச் சான்றிதழைத் தேடி அலுமாரியைத் திறந்தபோது, நீ கொண்டுபோன உறையைக் கண்டேன். ஒட்டியது ஒட்டினபடி. அன்றைக்கு ஒரு விடுமுறையும் இல்லை, நான் நாட்காட்டியில் பார்த்தேன். நீ உள்ளே போகவே இல்லை. ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. தியாகம் என்று நீ சொன்னாய், நானும் தியாகம் என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது நிவே. ஓம், விசாரித்தேன். அவள் இரவுச் சாப்பாட்டு மேசையில், "சித்தி, நான் இங்கயே இருக்கட்டே?" என்று கேட்டாள். அடுத்த நாள் முழுக்க நான் காலை நிலத்தில் வைத்து நடக்கவில்லை. எந்தக் கட்டில், எந்த அறை என்றெல்லாம் மனதுக்குள் அடுக்கிவிட்டேன். உன்னிடம் கேட்க வேண்டும் என்ற நினைவு எனக்கு வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். வந்தது. தள்ளி வைத்தேன்.

போன சனிக்கிழமை வெளிச்சவீட்டடியில் நீந்திக்கொண்டிருந்தோம். ஜெலி மீன் என்பார்களே, அந்தச் சொறிமுட்டை ஒன்று அவளைச் சுட்டுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, இப்போது தழும்பும் ஆறிவிட்டது. ஆனால் அந்த நேரம் கை முழுக்க நெருப்பாக எரிந்திருக்கிறது. நான் நாலு முழத் தூரத்தில்தான் நின்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே கத்தினாள். "அம்மா" என்று. பிடித்து ஏணியில் ஏற்றினேன், கடல் தண்ணீரால் கழுவினேன், மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை நிற்கும்வரை அம்மா, அம்மா. ஒரு தரம் கூடச் சித்தி இல்லை.

நீ இருபத்திமூன்று என்று எண்ணினாயே. எனக்கு எண்ண ஒன்றும் இருக்கவில்லை. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் பஸ்ஸில் நிற்கிற உன்னில் எனக்கு எவ்வளவு எரிந்தது என்று உனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன், "நீ முதல்ல போய் அம்மாவோட இருந்து கதை. படிப்பு எங்க எண்டு அங்க இருந்து முடிவெடு." முகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. செப்டெம்பர் இரண்டு, நீ சொன்ன திகதிக்கு வருவாள்.

மதனி

•

பலெர்மோ,
14 செப்டெம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் போடவில்லை. போன கடிதத்தில் நான் எழுதியது உண்மைதான், ஆனால் எழுதிய விதம் கூடிப்போய்விட்டது.

இதை நிவேயின் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். அவளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய கிழமை சிஞ்ஞோராவின் மகன் மிலானோவிலிருந்து வந்தார். உஸ்திகா வீட்டை விற்கப்போகிறார்கள். சிஞ்ஞோராவைத் தன் ஊருக்கே கூட்டிக்கொண்டு போகிறாராம். "இந்த வயதில் தீவில் ஏதும் நடந்தால் ஆஸ்பத்திரிக்குப் படகைத்தானே நம்ப வேண்டும்" என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எனக்கு வேறு வீட்டில் வேலை பார்த்துத் தந்திருக்கிறார்கள். ஒரு கிழவர், நல்லவர், கோடையிலும் பலெர்மோவை விட்டு அசையமாட்டாராம்.

சாமான் கட்டுவதற்கு ஒரு நாள் தீவுக்குப் போய் வந்தேன். அறைகளைத் துடைத்து, யன்னல்களை மூடி, கதவைப் பூட்டி, திறப்பைத் தரகர் கையில் கொடுத்தேன். "ஒரு தரம் கடலுக்க இறங்கிட்டு வாறியா?" என்று சயந்தன் கேட்டார். மாட்டேன் என்றேன். படகில் ஏறியபிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்றிருந்தது.

இனிப் படம் அனுப்ப ஒன்றுமில்லை.

மதனி

•

கண்டி,
5 ஒக்டோபர் 2025

அன்புள்ள மதனிக்கு,

உன் கடிதத்தைக் குசினியில் நின்றபடி வாசித்தேன். அடுப்பில் சோறு. வீட்டை விற்கிறார்கள் என்ற வரியை வாசித்தவுடன் எனக்கு வந்தது சந்தோசம். மறைக்கவில்லை. சோறு வடிக்கும்வரை அந்தச் சந்தோசம் இருந்தது. பாட்டுக்கூட முணுமுணுத்திருக்கிறேன், நிவே வந்து, "என்னம்மா, நல்ல செய்தியே?" என்று கேட்டாள். "சித்திக்கு இனித் தீவு இல்லையாம்" என்றேன். என் வாயிலிருந்து அது எந்தத் தொனியில் வந்ததென்று எனக்கே கேட்டது. பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன்.

அவள் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினாள். "அம்மா, சித்தி அங்க எப்பிடி இருந்தவ எண்டு உங்களுக்குத் தெரியுமோ? காலமை அஞ்சு மணிக்கு ஒருக்கா, மத்தியானம் எல்லாரும் படுத்தாப்பிறகு ஒருக்கா. அவ்வளவுதான் அவவின்ர கடல். மிச்ச நேரம் சிஞ்ஞோராவின்ர மணி அடிக்கும், ஓடுவா. அந்த வீட்டு முற்றத்தில சாய்வுக்கதிரை ஆறு கிடந்தது. ஒண்டிலயும் அவ இருந்து நான் காணேல்லை" என்றாள்.

"சந்தோசமா இருக்கிறன் எண்டு எழுதினவ" என்றேன்.

"ஓம். சந்தோசமாத்தான் இருந்தவ. அதுக்கே அவ்வளவு சந்தோசம்" என்றாள்.

நான் எழும்பிப் போய் உன் ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன்.

கொழும்புக்குப் போன நாளைப் பற்றி எழுதியிருந்தாய். தூதரக வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண், என் வயதுதான். கைப்பைக்குள் ஒரு குழந்தையின் படத்தை வைத்து அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தா. "பிள்ளையை விட்டிட்டே போறீங்கள்?" என்று கேட்டேன். "பழகிடும் அக்கா" என்றா. யாருக்குப் பழகிவிடும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நிவேக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்காகத்தான் திரும்பினேன் என்று சொன்னால் நான் நல்ல தாய். அது பாதிதான். மற்றப் பாதி பயம். தெரியாத பாஷை, தெரியாத வீடு, யாரோ ஒருவரின் மணிக்கு ஓடுவது. வரிசையை விட்டு விலகி, காலிமுகத்திடலில் பின்னேரம்வரை இருந்துவிட்டு வந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பிறகு நீ போனாய். பயப்பட்டுப் பயப்பட்டுத்தான் போனாய், எனக்குத் தெரியும். ஆனாலும் போனாய். உன் படம் ஒவ்வொன்றும், நான் போகாமல் விட்ட இடம் எப்படி இருக்கும் என்று காட்டியது. அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தால் கொஞ்சம் தாங்கலாக இருந்தது. அவ்வளவுதான்.

எனக்கு உன்னில் எரிந்தது போல உனக்கும் என்னில் எரிந்தது என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை மட்டும் பல தரம் வாசித்தேன். நல்ல ஆறுதலாக இருந்தது. நான் அப்படிப்பட்டவள்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உஸ்திகாவில் பேக்கரிக்கு மேலே ஒரு விதவை இரண்டு அறை வாடகைக்குக் கொடுக்கிறவவாம். நிவே தனக்குத் தெரிந்த இத்தாலியில் அவவுக்கு எழுதி, அடுத்த ஜூலையில் பன்னிரண்டு நாள் கேட்டிருக்கிறாள். சம்மதம் என்று பதில் வந்துவிட்டது. ஒரு அறை உனக்கும் சயந்தனுக்கும். மற்றது எனக்கும் நிவேக்கும். உன் அத்தான் படகென்றால் வரமாட்டேன் என்கிறார், வற்புறுத்தவில்லை. அந்தக் கிழவரிடம் இப்போதே விடுமுறை சொல்லிவை. அந்தப் பன்னிரண்டு நாளும் நீ வீடு கூட்டத் தும்புத்தடியைத் தொடக்கூடாது. ஒருவரும் மணி அடிக்கமாட்டார்கள். மத்தியானம் ஊர் படுக்கும்போது நீயும் படு.

அங்கே எல்லோரும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நான் பக்கத்தில் பேசாமல் நிற்பேன், எனக்கு எரியும். முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நிவே எங்கே படிப்பாள் என்பதையும் அங்கே மூன்று பேரும் இருந்து கதைப்போம். நீ அவள் பக்கம் நின்றால் நான் சண்டை பிடிப்பேன்.

நேற்று முன்தினம் வெளிநாட்டு விடுமுறைக்குப் படிவம் கொடுத்தேன். அதில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. எல்லோரும் யாத்திரை என்பார்கள், வைத்தியம் என்பார்கள். நான் "தங்கையுடன் கடலில் குளிப்பதற்கு" என்று எழுதினேன். எங்கள் நிருவாக உத்தியோகத்தர் ஃபாஸில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார்.

"மிஸ், இதயா எழுதி வச்சிரிக்கிறீங்க? தனிப்பட்ட காரணம்னு போடுங்களே. மேல அனுப்புற கடதாசி."

"வேற காரணம் இல்லை, சேர்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, படிவத்தை நீட்டினார்.

அக்கா